ஒரு வாக்கு சொன்னா மதி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வழக்கமாகப் பேராசிரியர்களை அழைப்பார்கள். இந்த வருடம் ஒரு வக்கீல் குமாஸ்தாவை அழைத்திருக்கிறார்கள். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு வளாகத்தில் முப்பத்தொரு வருடம் மனு எழுதிப் பிழைத்தவன் நான். சட்டம் படித்தவன் அல்ல. சட்டம் படித்தவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவன். அதனால் சட்டத்தைவிட, அதைத் தேடி வருகிற ஆட்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஒரு முகத்திலிருந்து தொடங்குகிறேன்.

நான்கு வருடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாறசாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒருவர் வந்தார். ரப்பர் பால்வெட்டுக்காரர். கையில் ஜவுளிக்கடை கவர். அதைத் திண்ணையில் கவிழ்த்தார். ஓ.பி. சீட்டு, ஸ்கேன் படம், மருந்துக்கடை பில்கள் பதினாறு, ஈரம் பட்டு மை கலைந்த ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. அவருடைய அம்மைக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் விடியற்காலை இறந்துபோனார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். எல்லையான களியக்காவிளைக்கு இப்பாலா அப்பாலா என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

“எழுதுங்க சாரே” என்றார்.

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

“உங்களுக்கு என்ன வேணும்? பணமா, டாக்டருக்குத் தண்டனையா?”

தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சொன்னார்: “அம்மைக்கு என்ன பற்றிச்சுன்னு ஒரு வாக்கு சொன்னா மதி சாரே.”

அந்த ஒரு வாக்கைக் கேட்டுப் பெறுவதற்கென்று நம் நாட்டில் தனியாக ஒரு கதவு இல்லை. இருக்கிற மூன்று கதவுகளும் வேறு வேறு காரியங்களுக்காகக் கட்டியவை. மருத்துவக் கவுன்சில், பதிவுப் புத்தகத்தில் டாக்டரின் பெயர் இருக்கலாமா என்று பார்க்கும். நுகர்வோர் ஆணையம், நஷ்டத்துக்கு எவ்வளவு என்று பார்க்கும். போலீஸ், குற்றம் உண்டா என்று பார்க்கும். நம்மவர்கள் மூன்றுக்கும் ஒரே மனுவை எழுதச் சொல்வார்கள். அடியில் ‘நகல்’ என்று போட்டு முதலமைச்சர், டி.எம்.ஓ., மனித உரிமை ஆணையம், பிரதமர் என்று ஒன்பது பெயர். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்பது இடத்திலிருந்தும் ஒரே மாதிரி பதில் வரும்: உரிய அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டது.

கவுன்சிலை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் 1914-இல் வந்தது. திருவிதாங்கூர்-கொச்சிக்கு 1953-இல் தனிச் சட்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. அன்றையிலிருந்து நமக்கு இரண்டு கவுன்சில். குழித்துறையில் காட்டிய டாக்டர்மேல் புகார் என்றால் பெரும்பாலும் சென்னை அரும்பாக்கம். அமரவிளையில் காட்டிய டாக்டர் என்றால் திருவனந்தபுரம். கேரளத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. வயிற்றுவலி வந்தவன் எல்லை பார்த்தா ஆஸ்பத்திரிக்குப் போகிறான்? எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறான்.

என் பாட்டியும் அப்படித்தான் நெய்யூருக்குப் போனாள். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு, இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் நோயாளிக் கூட்டத்தைக் கண்டு இங்கேயே தங்கிவிட்ட சாமர்வெல் டாக்டரை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். காரக்கோணம் மருத்துவக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. பாட்டியின் காலத்தில் டாக்டர்மேல் புகார் என்ற சொல்லே கிடையாது. அந்த நம்பிக்கை நல்லதுதான் என்று எனக்கு முழு மனதோடு சொல்ல வரவில்லை. ஆபரேஷன் மேசையில் இறந்தவர்களைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கவுன்சில் என்ன செய்யும்? எச்சரிக்கலாம். பதிவிலிருந்து பெயரைச் சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ எடுக்கலாம். ஒரு ரூபாய்கூட வாங்கித் தராது. 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி புகாரை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த விதிகளில் பிறகு ஒரு திருத்தம் வந்தது. கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட ‘எவரும்’ 60 நாளுக்குள் டெல்லிக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றது அது. எவரும் என்றால் நோயாளியும்தான்.

2020 செப்டம்பரில் பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் போய், தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அதற்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவில் 3-ஆம் உட்பிரிவு, மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்கு மட்டும் கொடுக்கிறது. புகார் கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் காட்டி ஆணையம் நோயாளிகளின் மேல்முறையீடுகளைத் திருப்பி அனுப்பியது. இதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே தோண்டி வெளியே கொண்டுவந்து விடாமல் எழுதிக்கொண்டிருப்பவர் கண்ணூரைச் சேர்ந்த கண் மருத்துவர் கே.வி.பாபு. டாக்டர்களுக்கு எதிரான கட்சி என்று என்னை நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் நமக்காக வாதாடுகிறவரே ஒரு டாக்டர்தான்.

கோர்ட்டில் இப்படி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். வாதி தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும், பிரதிவாதி தோற்றால் அப்பீல் போகலாம். நெய்யாற்றின்கரை முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் இதைச் சொன்னால் தேநீர் விற்கும் பையன்கூடச் சிரிப்பான்.

நம் ஆட்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிற கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எப்படி என்று பார்த்தேன். மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், மருந்தாளுநர் எல்லோருக்கும் 1991-ஆம் ஆண்டில் இயற்றிய ஒரே பொதுச் சட்டம். புகாரை விசாரிக்கும் குழுவில் அந்தத் தொழிலைச் சேராத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவராவது உட்கார வேண்டும். குழுவின் முடிவு திருப்தி இல்லை என்றால், டாக்டரும் கேட்கலாம், புகார் கொடுத்தவரும் கேட்கலாம். 30 நாளுக்குள், தொழிலுக்கு வெளியே இருக்கிற தனி மறுஆய்வு வாரியத்தில். அங்கே எல்லாம் பொன்னாக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் என் மைத்துனர் மகளிடம் கேட்டால் அங்கேயும் இழுத்தடிப்பு உண்டு என்கிறாள். ஆனால் கேள்வி கேட்டவனைப் பாதி வழியில் இறக்கிவிடுவதில்லை.

இனிப் பணத்தின் கதவு. இது நம் ஊர்க் கதை, கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது டாக்டரும் இதில் அடக்கமா என்று யாருக்கும் தெரியாது. திருவனந்தபுரம் காஸ்மோபாலிட்டன் மருத்துவமனை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு கேரள மாநில ஆணையத்துக்குப் போய், அங்கிருந்து டெல்லியில் தேசிய ஆணையத்துக்குப் போயிற்று. 1992-இல் அங்கே சொன்னார்கள்: காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் ‘சேவை’தான், நோயாளி நுகர்வோர்தான். 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது: நோயைக் கண்டறிவதும் மருந்து கொடுப்பதும் அந்தச் சட்டத்தின் சேவை ஆகாது. ஆக, 1994-இலிருந்து ஒன்றரை வருடத்துக்கும் மேலாக, இஞ்சிவிளையில் ஊசி போட்டுக்கொண்டவன் நுகர்வோர், ஒரு கல்லெறி தூரத்தில் களியக்காவிளையில் ஊசி போட்டுக்கொண்டவன் நுகர்வோர் அல்ல. 1995 நவம்பர் 13-ஆம் தேதி சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தக் கூத்தை முடித்தது. வைத்தியமும் சேவைதான் என்றது. முழுக்க இலவசமாக எல்லோருக்கும் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு விலக்கு. சிலரிடம் காசு, சிலருக்கு இலவசம் என்று இருக்கிற இடத்தில் இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு.

2019-இல் புதுச் சட்டம் வந்தபோது டாக்டர்கள் வெளியே வந்துவிட்டோம் என்று வாதாடிப் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் புதுச் சட்டத்தில் எல்லைக்காரனுக்கென்றே எழுதினாற்போல ஒரு வசதி இருக்கிறது. முன்பெல்லாம் எதிர்க்கட்சி எங்கே இருக்கிறதோ அல்லது காரியம் எங்கே நடந்ததோ அங்கேதான் வழக்குப் போட வேண்டும். இப்போது புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். நாகர்கோவிலில் ஆபரேஷன் செய்துகொண்ட பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் பீஸ் கிடையாது. கெடு 2 வருடம். இந்த இரண்டு வருடத்தைத்தான் நம் ஆட்கள் மந்திரிக்கும் பிரதமருக்கும் நகல் அனுப்பியே கழித்துவிடுவார்கள்.

“ஐந்து கோடி கிடைக்குமா சாரே?” என்று கேட்பவர்களும் உண்டு. கொல்கத்தா வழக்கு பத்திரிகைகளில் வந்ததன் பலன் அது. உச்சநீதிமன்றம் 2013-இல் ஏறத்தாழ 5.96 கோடி கொடுக்கச் சொன்னது உண்மை. இறப்பு நடந்தது 1998-இல். வழக்காடியவரே அமெரிக்காவில் இருந்த டாக்டர். பால்வெட்டுக்காரருக்குப் பதினைந்து வருடம் யார் தருவார்கள்?

போலீஸ் கதவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. பலரும் முதலில் தட்டுவது அதைத்தான், அங்கேதான் இரண்டு பக்கமும் புண்படுகிறது. 2005 ஆகஸ்டில் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்சநீதிமன்றம் கோடு போட்டது: சாதாரணக் கவனக்குறைவு கிரிமினல் குற்றம் ஆகாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும். வழக்கு நடத்துமுன் வேறொரு மருத்துவரின், முடிந்தால் அரசு மருத்துவரின், கருத்தைப் போலீஸ் பெற வேண்டும். எடுத்த எடுப்பில் கைது கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அலட்சியத்தால் மரணம் என்றால் மற்றவர்களுக்கு 5 வருடம் வரை, பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 வருடம் வரை என்று பிரித்து வைத்தது. அதே மாதம் நம் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகு நினைவிழந்த ஒரு இளம்பெண் சில நாளில் இறந்தார். கணவரின் புகாரில் போலீஸ் வழக்குப் பதிந்தது. நிபுணர் கருத்து இல்லாமல் எப்படிப் பதியலாம் என்று அரசு மருத்துவர்கள் சங்கம் எதிர்த்தது. யார் பக்கம் உண்மை என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒவ்வாமை எந்த நல்ல டாக்டரின் கையிலும் வரலாம். ஆனால் அது ஒவ்வாமைதான் என்று வீட்டாருக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்கிறவர் யார்?

நிபுணர் கருத்து என்றால் டாக்டரைப் பற்றி டாக்டர்கள் சொல்வது. கோழிக்கோட்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2017-இல் மருத்துவக் கல்லூரியில் பிரசவ ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தாய் ஐந்து வருடம் வயிற்றுவலியோடு அலைந்தார். 2022 செப்டம்பரில் அவர் வயிற்றிலிருந்து ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் எடுத்தார்கள். பத்திரிகைகள் கத்தரிக்கோல் என்று எழுதின. கத்தரிக்கோல் மாதிரியேதான் இருக்கும், ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கிற கருவி. அந்தப் பிரசவ ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேனில் உலோகம் எதுவும் இல்லை என்று போலீஸ் கண்டுபிடித்தது. 2023 ஆகஸ்டில் மாவட்ட மருத்துவக் குழு, அது அந்த ஆபரேஷனில்தான் உள்ளே போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. அந்தப் பெண் மருத்துவக் கல்லூரி வாசலில் நாள்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகுதான் இரண்டு டாக்டர்கள், இரண்டு செவிலியர்கள்மேல் குற்றப்பத்திரிகை. கருவிகளை எண்ணி எடுத்து எண்ணி வைப்பது ஆபரேஷன் அறையின் அரிச்சுவடி. அந்தக் கணக்குத் தாள் ஒன்றை ஆரம்பத்திலேயே அவர் கையில் கொடுத்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

கேட்கக் கதவு இல்லாதபோது கத்தி எடுக்கிறவனும் வருகிறான். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் குத்தினான். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. டாக்டருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காகவே புகார் வழி ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறேன்.

நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசான்மாரைப் பற்றிக் கேட்பீர்கள். வர்மமும் எண்ணெய்க் கட்டும் நம் ஊரின் சொத்து. முறிந்த என் இடது மணிக்கட்டைக் கூட்டியவர் ஒரு ஆசான்தான். ஆனால் பதிவில் பெயர் இல்லாதவரைக் கவுன்சில் எதிலிருந்து நீக்கும்? பதிவில்லாத பாரம்பரிய வைத்தியர்கள் தொழில் செய்ய முடியாது என்று, கேரளத்து வைத்தியர்கள் கொண்டுபோன வழக்கிலேயே 2018 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எண்ணெய்க் கட்டு இன்னும் நடக்கிறது. புண் புரையோடினால் கவுன்சில் கதவைத் தட்ட வழி இல்லை.

மொழி ஒரு சின்ன விஷயம் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் வலியைத் தமிழில்தான் சொல்வார்கள், அதுவும் நம் தமிழில். புகாரை ஏன் மலையாளத்தில் எழுதிக் கூலி கொடுக்க வேண்டும்? 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியில் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சுகாதாரத் துறைத் தலைவருக்குத் தமிழில் எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன்.

இனி அந்தப் பால்வெட்டுக்காரரிடம் திரும்புகிறேன். நான் அன்று மனு எழுதவில்லை. ஒரு பக்கக் கடிதம் மட்டும் எழுதினேன், ஆஸ்பத்திரிக்கு: கேஸ் ஷீட் முழுவதின் நகல் தருக. 2002 விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளியின் பதிவுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். 72 மணி நேரம் 19 நாள் ஆயிற்று. நாற்பத்துமூன்று தாள் வந்தது. காரக்கோணம் பக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காவை அழைத்து வந்து திண்ணையில் உட்காரவைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாக மலையாளம் கலந்த தமிழில் படித்துச் சொன்னார். இது மயக்க மருந்து, இது ரத்தப் பரிசோதனை, இது நாடித்துடிப்பு அட்டவணை. அட்டவணையில் மணிக்கு ஒரு தடவை புள்ளி வைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு பதினொன்று வரை இருந்தது. அடுத்த புள்ளி காலை நாலு மணிக்கு. நடுவில் வெறும் கட்டங்கள்.

அவர் அந்தக் கட்டங்களின்மேல் விரலை வைத்தார். ரப்பர் பால் கறை ஏறிய விரல். “இதாக்கும், இல்லியாக்கா?” என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. அந்த ஐந்து மணி நேரத்தில் யாராவது பார்த்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கலாம், யாரும் பார்க்காமலும் இருந்திருக்கலாம். தாளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. வார்டில் இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். கேட்க அதிகாரம் உள்ள இடம் கவுன்சில். அவரும் நுகர்வோர் ஆணையம் வேண்டாம், அம்மையை விலை பேசினாற்போல ஆகும் என்றார். கவுன்சிலுக்கு எழுதினோம். எந்த மாநிலக் கவுன்சில் என்பதை விட்டுவிடுகிறேன்.

பதில் வந்தது, இரண்டு வரி. டாக்டர்மேல் நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை. வெறும் கட்டங்களைப் பற்றி எதுவும் இல்லை. இனி எங்கே என்றார். நான் சட்டப் புத்தகத்தை எடுத்து 30-ஆம் பிரிவைத் தமிழில் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கவரில் தாள்களை அடுக்கிக்கொண்டு போனார்.

சில காரியங்கள் அசைகின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். கேரளத்தின் 2018-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தை எதிர்த்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் போட்ட வழக்கில் 2025 நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் குறைகேட்கும் மேசை வேண்டும், புகாருக்கு எண் போட்டு ரசீது தர வேண்டும், 7 வேலை நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றது. டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த மேசை எங்கே என்று கேட்டுப் பழகுங்கள். மேல்முறையீட்டு விஷயத்திலும், நோயாளிக்கு அந்த உரிமையைத் திருப்பித் தரும் ஒரு வரைவுத் திருத்தத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வரைவு வரைவாகவே கிடக்கிறது.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரம் நாடாளுமன்றத் தொகுதி. காட்டாக்கடை ஆற்றிங்கல். களியக்காவிளை தாண்டினால் கன்னியாகுமரி. மூன்று எம்.பி.க்கள். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், ரோடும் பாலமும் கேட்டு முடித்த பிறகு இதையும் கேளுங்கள்: 30-ஆம் பிரிவு, 3-ஆம் உட்பிரிவு, ‘மருத்துவர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘புகார் கொடுத்தவரும்’ என்று சேர்க்க வேண்டும். மலையாளத்தில் கேட்டாலும் சரி. எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் திண்ணைக்கு வாருங்கள். இந்த மனுவுக்கு நான் கூலி வாங்குவதில்லை.